குடல் அழற்சி: அறிதலும் ஆளுதலும்

நுழையும்முன்

காய்ச்சல் வந்தால் உரக்கச் சொல்லி விடுப்புக் கேட்கிறோம். கழிப்பறையோடு தொடர்புடைய நோய் வந்தால் 'வயிறு சரியில்லை' என்னும் இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்கிறோம். அவ்விரண்டு சொற்களுக்குள் ஒளிந்துகொண்டு, ஆண்டுக்கணக்கில் மருத்துவரின் கண்ணில் படாமலே வளரும் நோய் ஒன்றைப் பற்றியது இப்பாடம். இந்நோய் எவ்வயதிலும் வரலாம். எனினும் 15 வயதிற்கும் 35 வயதிற்கும் இடையில் தொடங்குவதே மிகுதி. ஆதலால் இதனை அறிந்துகொள்ள வேண்டிய வயது உங்கள் வயதே.

அழலும் அழற்சியும்

'அழல்' என்றால் நெருப்பு. அச்சொல்லின் வழிப் பிறந்தது 'அழற்சி'. உடலின் ஒரு பகுதி சிவந்து, வெப்பமுற்று, வீங்கி, வலிக்கும் நிலையை அது குறிக்கும். காலில் முள் தைத்த இடம் மறுநாள் சிவந்து வீங்குவதும் அழற்சியே. அதனைத் தீமை என்று சொல்லிவிட முடியாது. உள்ளே புகுந்த கிருமியை அழிப்பதற்கு உடலின் காவல் அணுக்கள் அங்கே திரண்டிருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். வேலை முடிந்ததும் அவை கலைந்துவிடும், அழலும் தணியும்.

பகைவன் இல்லாத இடத்திலும் காவற்படை திரண்டு, கலையாமல் அங்கேயே தங்கி, தான் காக்கவேண்டிய சுவரையே தாக்கத் தொடங்கினால் என்னாகும்? குடலின் உட்சுவரில் அவ்வாறு நேர்வதே குடல் அழற்சி நோய். மனிதனின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுடையது; பெருங்குடல் ஏறத்தாழ 1.5 மீட்டர். இவற்றுள், குறிப்பாகப் பெருங்குடலில், கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நமக்குத் துணை செய்பவை. அவற்றைப் பகையாகக் கருதாமல் பொறுத்துக்கொள்ளும் பயிற்சி நம் காவல் அணுக்களுக்கு இளமையிலேயே கிடைக்கிறது. அப்பயிற்சி குலைந்துபோவதே நோயின் தொடக்கம். பிறப்பால் வரும் மரபுக்கூறு, குடல்வாழ் நுண்ணுயிர்களின் மாற்றம், உணவு, புகை முதலிய புறச்சூழல் ஆகியன ஒன்றுகூடி அதனைக் குலைக்கின்றன. இன்னது ஒன்றுதான் காரணம் என்று சுட்டிச் சொல்ல இயலாது. 'கண்டதைத் தின்றதால் வந்தது' என்று நோயாளியைக் கடிந்துகொள்வதற்கு மருத்துவ அறிவியலில் இடமில்லை. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை.

இதில் இரண்டு வகைகள் உள்ளன. ஒன்று, 'அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்' எனப்படும் பெருங்குடல் புண் அழற்சி. மற்றொன்று, குரோன் நோய். தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இவற்றின் வேறுபாட்டை விளக்குவது எளிது. கன்னடியன் கால்வாயையோ பாளையங்கால்வாயையோ நினைத்துக்கொள்ளுங்கள். கரையின் உட்பூச்சு கடைமடையில் அரிக்கத் தொடங்கி, இடைவெளியே இல்லாமல் மேல்நோக்கி ஏறி வருகிறது என்று கொள்வோம். பெருங்குடல் புண் அழற்சி அத்தகையது. அது மலக்குடலில் தொடங்கும், தொடர்ச்சியாக மேலே பரவும், பெருங்குடலைத் தாண்டாது, உட்படலத்தை மட்டுமே புண்ணாக்கும். ஆகவே இரத்தமும் சளியும் கலந்த கழிச்சலே அதன் முதல் அடையாளம்.

குரோன் நோய்க்குத் தலைமடை, கடைமடை என்ற வரையறை இல்லை. வாய் முதல் மலவாய் வரை எங்கும் வரலாம். சிறுகுடலின் கடைப்பகுதி அதற்கு மிகவும் பிடித்தமான இடம். ஓரிடத்தில் கரை சிதைந்திருக்கும்; அடுத்த பத்தடி நன்றாக இருக்கும்; மீண்டும் ஓரிடம் சிதைந்திருக்கும். சிதைவும் மேற்பூச்சோடு நில்லாமல் கரையின் முழுத் தடிமனையும் ஊடுருவும். அதனால் சில இடங்களில் கால்வாய் தூர்ந்து குறுகுவதுபோலக் குடல் குறுகி அடைப்பு உண்டாகும். சில இடங்களில் கரை உடைந்து பக்கத்து வயலில் நீர் பாய்வதுபோல, குடலிலிருந்து அடுத்த உறுப்புக்கோ தோலுக்கோ புரைவழி திறந்துவிடும். வயிற்றுவலி, நாட்பட்ட கழிச்சல், காய்ச்சல், எடைக்குறைவு என்று இதன் அடையாளங்கள் பலவாக வருவதற்கு இதுவே காரணம்.

பெயர் பெற்ற கதை

வயிற்று நோய்கள் தமிழர்க்குப் புதியன அல்ல. கழிச்சல், கிராணி, குன்மம் என்று சித்த மருத்துவம் அவற்றை வகைப்படுத்திப் பேசுகிறது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசரின் வரலாறே சூலை நோயோடு பிணைந்தது. அச்சூலை இன்றைய மருத்துவத்தில் எந்த நோய் என்று உறுதி சொல்ல முயல்வது வீண்வேலை. ஆனால் வயிற்றுவலி ஒரு மனிதரின் வாழ்க்கைப் போக்கையே திருப்பக்கூடும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

குடல் அழற்சி தனிநோயாக அடையாளம் பெற்ற கதை ஒரு வழக்கு மன்றத்தை ஒட்டியது. 1859இல் இங்கிலாந்தில், நெடுநாள் கழிச்சலால் மெலிந்து இறந்த ஒரு பெண்ணுக்கு நஞ்சூட்டினார் என்று தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் என்னும் மருத்துவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவருக்குத் தூக்குத்தண்டனையும் விதிக்கப்பட்டது. அப்பெண்ணின் குடலை ஆராய்ந்த சாமுவேல் வில்க்ஸ் என்னும் இலண்டன் மருத்துவர், அதில் கண்ட புண்கள் வழக்கமான வயிற்றுக்கடுப்பினால் வந்தவை அல்ல என்றும், காரணம் அறியப்படாத தனித்த அழற்சி என்றும் எழுதினார். மருத்துவச் சான்றுகளில் எழுந்த ஐயங்களால் ஸ்மெதர்ஸ்ட் அக்கொலைக் குற்றத்தினின்று விடுவிக்கப்பட்டார். நோய்க்குச் சரியான பெயர் தெரியாதபோது, பழி யார் தலையிலேனும் விழும் என்பதை இவ்வழக்கைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் அறியேன்.

மற்றொரு வகை 1932இல் பெயர் பெற்றது. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவர், 14 நோயாளிகளின் சிறுகுடல் கடைப்பகுதியில் கண்ட அழற்சியை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர். ஆங்கில அகரவரிசையில் முதலில் வந்தமையால் குரோனின் பெயர் நோயோடு ஒட்டிக்கொண்டது. மற்ற இருவரையும் மருத்துவ மாணவர்கள்கூட மறந்துவிட்டனர்.

மயக்கும் ஒற்றுமைகள்

சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டைக்கு நாள்தோறும் பேருந்தில் வந்து படிக்கும் மாணவி ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். சில மாதங்களாக அவளுக்குக் கழிச்சல். சில நாள்களில் இரத்தமும் தென்படுகிறது. உண்டுவிட்டுக் கிளம்பினால் வழியில் வயிறு கலக்கும் என்று அஞ்சி, காலையில் வெறும் வயிற்றோடு பேருந்து ஏறுகிறாள். நண்பகலிலும் சாப்பாட்டுப் பெட்டியை முழுமையாகத் திறப்பதில்லை. எடை குறைகிறது, முகம் வெளிறுகிறது. ஆச்சி கண்ணேறு என்று சொல்லி மிளகாய் வற்றல் சுற்றிப் போடுகிறார். அப்பா மருந்துக்கடையில் சொல்லி வயிற்றுக்கடுப்பு மாத்திரை வாங்கித் தருகிறார். தோழியர், மெலிவதற்காகவே பட்டினி கிடக்கிறாள் என்று கேலி செய்கின்றனர். அவளோ, இரத்தம் மூலநோயால் வருவது என்று தானே முடிவு செய்துகொண்டு, அதை வெளியில் சொல்லவும் வெட்கப்பட்டு இருந்துவிடுகிறாள். இவர்களுள் எவரும் அவளுக்குத் தீங்கு நினைப்பவர் அல்லர். ஆனால் ஆறு மாதம் கடந்துவிடுகிறது.

இக்கால இழப்புக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. இந்நோய் மற்ற நோய்களைப்போலவே வேடம் பூண்டு வருகிறது. நம் நாட்டில் இரத்தக் கழிச்சல் என்றவுடன் அமீபாவாலோ பாக்டீரியாவாலோ வரும் சீதபேதிதான் நினைவுக்கு வரும். அந்நினைவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தொற்றினால் வரும் கழிச்சல் சில நாள்களில், மிஞ்சினால் இரண்டொரு வாரத்தில் தணியும். நான்கு வாரத்தைத் தாண்டியும் நீடித்தால், அல்லது தணிந்து தணிந்து மீண்டும் மீண்டும் வந்தால், அதைச் சீதபேதி என்று சொல்லிக்கொண்டே இருப்பது தவறு.

இரண்டாவது மயக்கம், குடல் எரிச்சல் நோய்க்குறி என்று சொல்லப்படும் கோளாறு. தேர்வுக் காலத்தில் வயிறு கலங்குவதும், வலித்து வலித்து மலம் கழிந்தபின் தணிவதும் பலர் அறிந்ததே. அங்கே குடலின் செயற்பாடுதான் மாறுகிறது. குடற்சுவரில் புண் இல்லை. குடல் அழற்சியிலோ புண் உண்டு. வேறுபாட்டை உணர்த்தும் குறிகள் சில: மலத்தில் இரத்தம், உறங்கும்போது எழுப்பிவிடும் கழிச்சல், காரணமின்றி எடை குறைதல், தொடர் காய்ச்சல், இரத்தசோகை, வளரும் பருவத்தில் உயரம் கூடாமல் நின்றுபோதல். வாய்ப்புண், மூட்டுவலி, கண் சிவத்தல் ஆகியனவும் இந்நோயோடு சேர்ந்து வரலாம். குடலுக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று வியக்க வேண்டா. காவற்படை ஒன்றே, அதன் குழப்பம் பல இடங்களில் வெளிப்படும்.

மூன்றாவது மயக்கமே நம் நாட்டு மருத்துவர்களைப் பெரிதும் வருத்துவது. அது காசநோய். 1882இல் இராபர்ட் காக் கண்டறிந்த காசநோய்க் கிருமி நுரையீரலை மட்டும் தாக்குவதில்லை, குடலையும் தாக்கும். அதிலும், சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் அதே சந்திப்பில் புண்களை உண்டாக்கும். குரோன் நோய்க்குப் பிடித்த இடமும் அதுவே. இரண்டிலும் வலி, காய்ச்சல், மெலிவு. அகநோக்கியில் பார்த்தாலும் ஒன்றுபோலவே தோன்றும். சதைத்துணுக்கை உருப்பெருக்கியில் பார்த்தாலும் சில வேளை உறுதி கிடைப்பதில்லை.

பெயர் மாறினால் மருந்தும் மாறிவிடும் என்பதுதான் இங்குள்ள இடர். குரோன் நோய்க்குக் காவல் அணுக்களின் வேகத்தைக் குறைக்கும் மருந்து தரவேண்டும். காசநோய் உள்ளவருக்கு அதே மருந்தைத் தந்தால், அடங்கிக் கிடந்த கிருமி உடலெங்கும் பரவிவிடும். மறுபுறம், குரோன் நோயாளிக்குக் காசநோய் மருந்தை மட்டும் மாதக்கணக்கில் தந்துகொண்டிருந்தால் குடல் குறுகி அடைத்துக்கொள்ளும். ஐயம் தீராதபோது மருத்துவர்கள் முதலில் காசநோய் மருந்தைத் தந்து, இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் அகநோக்கியால் பார்ப்பதுண்டு. புண்கள் ஆறியிருந்தால் காசநோய். ஆறாவிட்டால் குரோன் நோய் என்ற முடிவை நோக்கிச் செல்வர். 'முதலில் ஒன்று சொன்னார், இப்போது வேறொன்று சொல்கிறார்' என்று நோயாளியின் வீட்டார் மனம் குலைவது இவ்விடத்தில்தான். அது மருத்துவரின் தடுமாற்றம் அன்று; இரண்டு நோய்களும் உள்ள நாட்டில் கடைப்பிடிக்க வேண்டிய எச்சரிக்கை.

தெரிந்து தெளிவோம்

திருநெல்வேலியின் தெருக்களையும் மனிதர்களையும் தம் சிறுகதைகளில் வாழவைத்த புதுமைப்பித்தன், காசநோயால் 1948இல் தம் 42ஆம் வயதில் மறைந்தார். காசநோய்க்கான முதல் பயனுள்ள மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்து ஆய்வு மையம், காசநோயாளிகள் தனி விடுதிகளில் அடைபட்டிருக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்பதை உலகுக்கு மெய்ப்பித்தது.

எத்தனை பேர்?

குடல் அழற்சி மேலைநாட்டு நோய், நமக்கு வராது என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. பஞ்சாபில் மக்களிடையே நேரடியாக நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு, ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 44 பேருக்குப் பெருங்குடல் புண் அழற்சி இருப்பதைக் காட்டியது. அந்த வீதம் தென்னாட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் ஓர் அளவு மனத்தில் பதிவதற்காகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருநெல்வேலி மாநகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 4.74 லட்சம். அதே வீதம் இங்கும் இருந்தால் இம்மாநகரில் மட்டும் இருநூறு பேருக்கு மேல் இந்நோய் இருக்கும். அவர்களுள் நாம் எத்தனை பேரை அறிவோம்?

மருந்துகள்

நோயை உறுதிசெய்ய மலச் சோதனை, இரத்தச் சோதனை ஆகியவற்றோடு, 'கொலோனோஸ்கோப்பி' எனப்படும் குடல் அகநோக்கிச் சோதனையும் தேவை. நுனியில் ஒளிப்படக் கருவி பொருத்திய வளையும் குழாயை மலவாய் வழியே செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்ப்பர்; சிறு சதைத்துணுக்கையும் எடுப்பர். கேட்பதற்கு அச்சமாக இருக்கும். உண்மையில், முதல் நாள் குடலைத் தூய்மை செய்யக் குடிக்கும் மருந்துநீர்தான் அதில் பெருந்தொல்லை என்று சோதனை செய்துகொண்டவர்கள் பலரும் சொல்வர்.

இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் பல உண்டு. சுவீடன் நாட்டுப் பெண் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ், மூட்டு அழற்சிக்காக உருவாக்கிய சல்ஃபாசலசின் என்னும் மருந்து, குடல் அழற்சியையும் தணிப்பதை 1940களில் கண்டார். இன்று பெருங்குடல் புண் அழற்சிக்குப் பெரிதும் வழங்கப்படும் மெசலமைன் அதன் வழித்தோன்றல். 1955இல் இங்கிலாந்தில் ட்ரூலவ், விட்ஸ் ஆகிய இருவர் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து நோய் முற்றும்போது உயிர் காப்பதை மெய்ப்பித்தனர். ஸ்டீராய்டு தீயணைப்பு வண்டியைப் போன்றது; எரியும்போது வரவேண்டும், அணைந்தபின் போய்விடவேண்டும். நெடுநாள் தங்கினால் எலும்பு மெலியும், முகம் வீங்கும், சர்க்கரை ஏறும். அதேபோல அதனைத் திடீரென்று தாமாக நிறுத்துவதும் ஆபத்து. அசதயோபிரின் போன்ற மருந்துகளும், 1998 முதல் இன்ஃபிளிக்சிமாப் போன்ற உயிரிய மருந்துகளும் பயன்பாட்டில் உள்ளன. உயிரிய மருந்துகள் விலை மிகுந்தவை. அவற்றுக்கு ஒத்த மருந்துகள் இந்தியாவிலேயே தயாரிக்கப்படுவதால் விலை சற்று இறங்கியுள்ளது. இவற்றைத் தொடங்குமுன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று சோதிப்பது கட்டாயம். காரணத்தை முன்னரே கண்டோம்.

மருந்துக்கு அடங்காதபோது அறுவை மருத்துவம் உண்டு. பெருங்குடல் புண் அழற்சியில் பெருங்குடலை முழுமையாக நீக்கிவிட்டால் அந்நோய் குடலில் மீள இடமில்லை. குரோன் நோயில் ஒரு பகுதியை நீக்கினாலும் வேறொரு பகுதியில் மீளக்கூடும். பெருங்குடல் அழற்சி பல ஆண்டுகள் நீடித்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்புச் சற்றுக் கூடுதல் என்பதால், நோய் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆனபின் குறித்த இடைவெளிகளில் அகநோக்கிச் சோதனை செய்துகொள்ளவேண்டும்.

இத்தனை மருந்துகள் இருந்தும் நோய் ஏன் மீள்கிறது? பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் நோயாளியின் கையில் உள்ளது ஒன்று. இரத்தம் நின்று, பசி எடுத்து, எடை ஏறியவுடன் 'இனி எதற்கு மாத்திரை?' என்று நிறுத்திவிடுவது. நோய் தணிந்திருப்பதற்குக் காரணமே அம்மாத்திரைதான். கார் பருவம் முடிந்து ஆற்றில் நீர் வற்றிவிட்டது என்று அணைக்கட்டின் மதகைப் பழுதுபார்க்காமல் விட்டுவிட்டால், வடகிழக்குப் பருவமழையில் என்ன நேரும் என்பது உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். தலைவலிக்கும் உடல்வலிக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சில வலிநிவாரணிகளும் தணிந்த நோயைக் கிளறிவிடும். புகைபிடித்தல் குரோன் நோயைக் கடுமையாக்கும். பீடி சுற்றும் தொழில் பரவலாக உள்ள நம் வட்டாரத்தில் இதனை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

பழைய சோறு

இந்நோயைப் பற்றிப் பேசும்போது தாமிரபரணிக் கரையில் கட்டாயம் எழும் கேள்வி ஒன்று உண்டு: 'பழையது சாப்பிட்டால் சரியாகிவிடுமாமே?'

இக்கேள்வி வெறும் பாட்டி வைத்தியம் அன்று. வடித்த சோற்றில் நீரூற்றி இரவு முழுவதும் வைத்திருக்கும்போது, லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அதில் பெருகுகின்றன. புளிப்புச் சுவை அவற்றின் கைவண்ணம். சோறு ஆறும்போது அதன் மாவுப்பொருளில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்திற்கு மாறுகிறது. அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அவை அதனை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பமிலங்களை வெளியிடுகின்றன. பெருங்குடலின் உட்சுவர் அணுக்களுக்கு முதன்மையான எரிபொருளே பியூட்டிரேட்தான். ஆகவே, பழையது குடலுக்கு நல்லது என்று நம் ஆச்சிமார் சொன்னதில் பொருள் உண்டு.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியின் குடல் அறுவை மருத்துவத் துறையினர் இதனை முறையாக ஆராய முற்பட்டனர். குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோற்றை உணவாகக் கொடுத்து அதன் விளைவுகளை ஆய்வு செய்யும் அம்முயற்சிக்குத் தமிழ்நாடு அரசும் நிதி வழங்கியது. ஏட்டில் எழுதாத சமையலறை அறிவை ஆய்வகத்தின் அளவுகோலுக்கு உட்படுத்துவது போற்றத்தக்கது. மெய்யென்றால் நிலைக்கட்டும், மிகையென்றால் தெரியட்டும்.

ஆயினும், ஆய்வு நடக்கிறது என்பது வேறு. நோயைத் தீர்க்கும் என்று மெய்ப்பிக்கப்பட்டது என்பது வேறு. பழைய சோறு உணவு. மருந்துக்கு மாற்று அன்று. மருந்தோடு சேர்த்து, மருத்துவரிடம் சொல்லிவிட்டு உண்பதில் தவறில்லை. அதிலும் சில எச்சரிக்கைகள் வேண்டும். காய்ச்சி ஆறவைத்த தூய நீரையே ஊற்றவேண்டும். ஏனெனில் நல்ல நுண்ணுயிர் வளரும் கலத்தில் கெட்டதும் வளரக்கூடும். காவல் அணுக்களை அடக்கும் மருந்து உண்பவர்க்கு இது இருமடங்கு முக்கியம். கோடையில் நெடுநேரம் வைத்த சோறு கெட்டுவிடும். பழையதற்கு இணையாக நாம் கடித்துக்கொள்ளும் பச்சை வெங்காயத்தையும் மோர்மிளகாயையும், நோய் சீறியிருக்கும் நாள்களில் தள்ளிவைப்பது நல்லது. குடல் குறுகியிருப்பவர்கள் நார் மிகுந்த கீரைத்தண்டு, தோல் நீக்காத பயறு ஆகியவற்றையும் அப்போது தவிர்க்கவேண்டும். இரண்டாம் முறை கேட்கத் தோன்றும் திருநெல்வேலி அல்வாவைப் பற்றியும் இங்கே சொல்லிவிடலாம்: நெய்யும் சர்க்கரையும் மிகுந்த அது, நோய் தணிந்திருக்கும் காலத்தில் ஒரு துண்டு என்ற அளவில் இருக்கட்டும்.

அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்குகிறது. அங்கிருந்து வந்த அம்பை 16 போன்ற பருமனான அரிசி வகைகளை இவ்வட்டார மக்கள் நன்கு அறிவர். எந்த அரிசிச் சோறு எவ்வாறு புளிக்கிறது, எவ்வகை நுண்ணுயிர் அதில் தங்குகிறது என்பன உங்களுள் எவரேனும் நாளை ஆராயத்தக்க வினாக்கள்.

அருகிருப்பவர்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து உதவுபவரையும் சேர்த்தே மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறது. முதல் மூன்றைப் பற்றி நிறையப் பேசுகிறோம். நான்காமவரை மறந்துவிடுகிறோம். குடல் அழற்சி உள்ள மாணவருக்கு அந்நான்காமவர் பெரும்பாலும் பக்கத்து இருக்கையில் இருப்பவர்.

அவருக்கு வேண்டுவன பெரியவை அல்ல. வகுப்பின் நடுவே எழுந்து வெளியே செல்லும்போது எவரும் சிரிக்காதிருத்தல். எழுதாமல் விட்ட பாடக்குறிப்பைக் கேளாமலே தருதல். சுற்றுலா செல்லும்போது, பேருந்து எங்கெங்கே நிற்கும், அங்கே கழிப்பறை உண்டா என்று அவர் கேட்பதற்கு முன்னரே கேட்டுவைத்தல். 'நீ என்ன சாப்பிட்டாய்?' என்று துருவாதிருத்தல். ஆசிரியர்க்கும் ஒரு பங்கு உண்டு. அடிக்கடி விடுப்பு எடுக்கும் மாணவரைப் பற்றி வருகைப் பதிவேட்டைப் பார்த்து முடிவெடுப்பதற்கு முன், பெற்றோரிடம் ஒரு சொல் கேட்பது அப்பங்கு. கதவு பூட்டக்கூடிய, நீர் வரும் கழிப்பறை பள்ளியில் இருக்கவேண்டும் என்பதையும் இங்கே சேர்க்கவேண்டும். உடல்நலம் உள்ளவர்க்கு அது வசதி. இந்நோய் உள்ளவர்க்கு அது பள்ளிக்கு வருவதா, வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது.

சேரன்மகாதேவி மாணவியைப் போன்ற ஒருவர் உங்களிடம் தம் நிலையைச் சொல்ல நேர்ந்தால், முதலில் வீட்டாரிடமும் பின்னர் மருத்துவரிடமும் சொல்லச் செய்யுங்கள். பாளையங்கோட்டையில் 1965இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் உள்ளன. 1964இல் தொடங்கப்பட்ட அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் அங்கேயே உள்ளது. எந்த மருத்துவத்தை நாடினாலும், இரத்தம் கலந்து கழிகிறது என்றால் அகநோக்கிச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ஒரு மருத்துவர் தந்த மருந்தை மற்றவரிடம் மறைக்கவும் கூடாது.

மருத்துவரிடம் செல்வதற்கு முன் இரண்டு வாரம் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைப்பது பெரிதும் உதவும்: நாளுக்கு எத்தனை முறை, இரவில் எழ நேர்ந்ததா, இரத்தம் இருந்ததா, வலி எங்கே, எடை எவ்வளவு, என்னென்ன மாத்திரை உண்டது. வாயால் சொல்லக் கூசுவதை அக்குறிப்பேடு சொல்லும். மருத்துவரின் மேசைமீது அதை விரித்து வைத்தால் போதும்.

கற்பவை கற்றபின்...

1. கழிச்சல், பேதி, கடுப்பு, குன்மம், சூலை என வயிற்று நோய்களைக் குறிக்க உங்கள் வட்டாரத்தில் வழங்கும் சொற்களைப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுத்து, அவற்றின் பொருள் வேறுபாட்டை எழுதுக.

2. உங்கள் வீட்டில் பழைய சோறு ஆக்கும் முறையை, ஊற்றும் நீர், வைக்கும் கலம், நேரம் ஆகியவற்றோடு ஒரு பத்தியில் விளக்குக.

3. நாட்பட்ட நோயோடு படிக்கும் மாணவர் ஒருவர் பள்ளியில் எதிர்கொள்ளும் இடர்களையும், அவற்றைக் களைய வேண்டியனவற்றையும் குறித்துத் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுக.